பின்வாங்கத் தெரிந்த எந்திரம்

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் ட்ரெய்லர் லாரிகளைப் பற்றிக் காசிமேட்டுக்காரர்களுக்கும் திருவொற்றியூர்க்காரர்களுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு அவை நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் 20 அடியோ 40 அடியோ நீளமுள்ள ஓர் இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறப்போகிறது என்பது பெரும்பாலும் முன்பே தெரியும். கப்பலுக்குள் எங்கே உட்காரும் என்பது வேறு கேள்வி. அதற்கு ஆறு இலக்கங்களில் ஒரு முகவரி உண்டு. முதல் இரண்டு இலக்கம், கப்பலின் நீளவாட்டில் எந்தப் பகுதி என்பதைச் சொல்லும். ஒற்றைப்படை என்றால் 20 அடிப் பெட்டி, இரட்டைப்படை என்றால் 40 அடி. அடுத்த இரண்டு, கப்பலின் நடுக்கோட்டிலிருந்து வலப்புறமா இடப்புறமா, எத்தனையாவது இடம் என்பது. கடைசி இரண்டு, உயரம். அடித்தளத்தில் 02, 04 என்று தொடங்கி ஏறும். மேல்தளத்துக்கு மேலே 82, 84 என்று போகும்.

இந்த முகவரிகளை வழங்குவதில் இன்று ஒரு கணினி நிரலின் பங்கு பெரிது. காலையில் நாளிதழின் உள்பக்கத்தில் வரும் சுடோகுவை நொடிப்பொழுதில் முடித்துக் கொடுக்கும் கைபேசிச் செயலிக்கும் அந்த நிரலுக்கும் நெருங்கிய உறவு. இரண்டும் வெற்றிடங்களில் எதையோ வைக்கின்றன. எதை எங்கே வைக்கக் கூடாது என்ற விதிகளைக் கொண்டே வைக்கின்றன. சுடோகுவை முதலில் எடுத்துக்கொள்வோம். துறைமுகத்துக்குப் பிறகு வரலாம்; சுடோகு எளிது என்பதைத் துறைமுகத்தைப் பார்த்த பிறகுதான் முழுதாகப் புரிந்துகொள்ள முடியும்.

கணினி சுடோகுவைத் தீர்க்கிறது என்றதும் பலரும் நினைப்பது, அது எல்லா எண்களையும் போட்டுப் போட்டுப் பார்க்கிறது, வேகமாகச் செய்வதால் நமக்குத் தெரிவதில்லை என்று. அப்படியே இருந்தால் என்ன ஆகும்? 81 கட்டங்களில் 30 எண்கள் கொடுக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மீதம் 51 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 9 வாய்ப்பு. ஒன்பதை ஐம்பத்தொரு முறை பெருக்கினால் 49 இலக்கங்கள் உள்ள ஓர் எண் வரும். நொடிக்கு நூறு கோடி விடைகளைச் சோதிக்கும் எந்திரம்கூட அத்தனையையும் சோதித்து முடிக்க, பிரபஞ்சத்தின் வயதைப்போல ஏறத்தாழ பத்துக் கோடி கோடி கோடி மடங்கு காலம் ஆகும். கைபேசியோ கண் சிமிட்டும் நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே இதற்கு வேகம் காரணமாக இருக்க முடியாது.

நிரல் செய்யும் முதல் வேலை கழித்தல். எண்களைக் கழிப்பது அல்ல, வாய்ப்புகளைக் கழிப்பது. காலியான ஒவ்வொரு கட்டத்துக்கும் 1 முதல் 9 வரை எல்லா எண்களையும் எழுதி வைத்துக்கொள்கிறது. பிறகு, கொடுக்கப்பட்ட எண்களை ஒவ்வொன்றாக எடுக்கிறது. ஒரு கட்டத்துக்கு அதே கிடைவரிசையில் 8 பேர், நெடுவரிசையில் 8 பேர், 3×3 சதுரத்தில் இவர்களைத் தவிர 4 பேர், ஆக 20 அண்டைவீட்டார். ஒரு கட்டத்தின் எண் இவர்களில் யாருக்கும் வரக் கூடாது. ஆகவே ஒரு கட்டத்தில் 5 விழுந்துவிட்டால், அந்த இருபது பேரின் பட்டியலிலும் 5 அடிபடும். இப்படி அடித்துக்கொண்டே போகையில் எங்காவது ஒரு கட்டத்தில் ஒரே ஓர் எண் மிஞ்சும். அதுதான் விடை என்று உறுதியாகிவிட்டது. உடனே அதன் இருபது அண்டைவீட்டாரிடமும் அந்த எண் அடிபடும். அதனால் இன்னொரு கட்டம் திறக்கும். ஒரு கட்டத்தில் எடுத்த முடிவு பலகை முழுவதும் பரவுகிறது.

இதையே மறுபக்கமாகவும் பார்க்கலாம். ஒரு வரிசையில் 7 எங்கே உட்காரலாம் என்று கேட்டால், சில சமயம் ஒரே ஒரு கட்டம்தான் இடம் தரும். அந்தக் கட்டத்தின் பட்டியலில் வேறு மூன்று எண்கள் இருந்தாலும் பரவாயில்லை, 7 அங்கேதான். இன்னும் கொஞ்சம் நுட்பமான ஒன்று: ஒரே வரிசையில் இரண்டு கட்டங்களுக்கு 4, 7 என்ற இரண்டு எண்கள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. எது 4, எது 7 என்று தெரியாது. தெரியாவிட்டாலும், அந்த இரண்டு எண்களும் அந்த இரண்டு கட்டங்களுக்கே போய்ச் சேரும் என்பது தெரியும். வரிசையில் உள்ள மற்ற கட்டங்களிலிருந்து 4, 7 இரண்டையும் அடித்துவிடலாம். சுடோகுவில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஒன்றைப் பற்றிய அறியாமையே மற்றொன்றைப் பற்றிய அறிவாகிவிடுகிறது.

நாளிதழில் 'எளிது' என்று போட்டு வரும் புதிர்கள் இந்தக் கழித்தலிலேயே முடிந்துவிடும். கடினமானவை ஓரிடத்தில் நின்றுவிடும். எல்லாக் கட்டங்களிலும் இரண்டு மூன்று எண்கள் மிஞ்சி நிற்க, யாரையும் அசைக்க முடியாது. அப்போது நிரல் ஊகிக்கிறது. ஆனால் எங்கே ஊகிப்பது என்பதில் அதற்கு ஒரு கஞ்சத்தனம் உண்டு: மிகக் குறைந்த வாய்ப்புகள் உள்ள கட்டத்தைத் தேடிப் போகும். இரண்டே எண்கள் உள்ள கட்டத்தில் ஊகித்தால் பாதிக்குப் பாதி சரியாக இருக்கலாம். தவறினாலும் மற்றது சரி என்பது நிச்சயம். ஊகித்த எண்ணைப் போட்டு, மறுபடி கழித்தலைத் தொடங்குகிறது. ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு எண்கூட மிஞ்சாமல் போனால், ஊகம் தவறு. உடனே ஊகத்துக்கு முந்தைய நிலைக்கு, ஒரு புள்ளிகூட மாறாமல், திரும்பி வந்து அடுத்த எண்ணைப் போடுகிறது.

இப்படித் திரும்பி வருவதுதான் விஷயம். பேனாவால் சுடோகு போடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். பன்னிரண்டு எண்கள் எழுதிய பிறகு இரண்டு 6 ஒரே வரிசையில் வந்துவிட்டது என்றால், எந்த எண் ஊகம், எவை அந்த ஊகத்தால் வந்தவை, எவை அதற்கு முன்பே உறுதியானவை என்று பிரிக்க முடியாது. ஆகவே மொத்தத்தையும் அடித்துவிட்டு, அடுத்த நாள் பேப்பருக்குக் காத்திருக்கிறோம். நம்மைவிட எந்திரம் கெட்டிக்காரத்தனமாக ஊகிக்கிறது என்று சொல்ல முடியாது. அது தோல்வியிலிருந்து செலவில்லாமல் பின்வாங்குகிறது. அவ்வளவுதான், ஆனால் அது கொஞ்சம் அல்ல.

அழிப்பதன் செலவைப் பற்றிப் பேசுகையில், சென்னைத் துறைமுகத்திலேயே வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவைச் சொல்லாமல் போக முடியாது. 1912 மார்ச் 1 அன்று மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அப்போது தலைவர். தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவர். ராமானுஜனுக்குத் தாள் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கணக்கெல்லாம் சிலேட்டில்தான். துணி எடுத்துத் துடைக்க நேரமாகும் என்று முழங்கையாலேயே அழிப்பாராம்; முழங்கை கறுத்துத் தடித்துப் போயிருந்தது என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முடிவு மட்டும் நோட்டுப் புத்தகத்துக்குப் போகும். வழி எல்லாம் முழங்கையோடு போய்விடும். அந்த வழிகளை மீட்டெடுக்கப் பின்னால் வந்த கணிதவியலாளர்கள் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

அவருடைய நோட்டுப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே மாயச் சதுரங்களைப் பற்றியது. பள்ளி நாட்களில் செய்தவையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இரண்டு தொகுதி எண்களைத் தனித்தனியாக, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு முறை மட்டும் வருமாறு அடுக்கி, பிறகு இரண்டையும் கூட்டி மாயச் சதுரம் கட்டும் முறை அங்கே இருக்கிறது. ஒவ்வொரு கிடைவரிசையிலும் நெடுவரிசையிலும் ஒவ்வொரு குறியும் ஒரு முறை மட்டும் வரும் இந்த அடுக்குக்கு லத்தீன் சதுரம் என்று பெயர். சுடோகு என்பது 9×9 லத்தீன் சதுரம்; 3×3 சதுரங்களுக்கான விதி மட்டும் கூடுதல்.

லத்தீன் சதுரங்களில் நம்மவர்களின் பெயர் இன்னோர் இடத்திலும் நிற்கிறது. இரண்டு லத்தீன் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எந்த ஜோடியும் இரண்டு முறை வரக் கூடாது. அப்படிப்பட்ட இரட்டைகள் 6, 10, 14 போன்ற அளவுகளில் இருக்காது என்று 1782-இல் ஆய்லர் ஊகித்தார். 6-க்கு அது சரி. 10-க்கு? 1950களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்வாக் கணினியை நூறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, தேட வேண்டியதில் ஒரு துளிகூடத் தீரவில்லை. 1959-இல் ஆர். சி. போஸ், எஸ். எஸ். ஸ்ரீகண்டே, ஈ. டி. பார்க்கர் மூவரும் அப்படிப்பட்ட சதுரங்களைக் கட்டியே காட்டினார்கள். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. கழிக்கத் தெரியாமல் தேடினால் எந்திரத்துக்கும் கதி மோட்சம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பின்வாங்குவதற்கான நேர்த்தியான வழி 1979-இல் ஹிதோத்சுமாத்சு, நோஷிதா என்ற இரண்டு ஜப்பானியர்களிடமிருந்து வந்தது. டொனால்ட் குனுத் 2000-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அதற்கு 'நடனமாடும் இணைப்புகள்' என்று பெயர் வைத்துப் புகழ் சேர்த்தார். கை கோத்து வரிசையாக நிற்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஒரு பிள்ளையை விலக்க வேண்டும். இருபுறமும் உள்ளவர்கள் அவள் கையை விட்டுவிட்டுத் தங்களுக்குள் கை கோத்துக்கொண்டால் போதும். ஆனால் விலகியவள் தன் கைகளை இறக்காமல், முன்பு யார் யாரைப் பிடித்திருந்தாளோ அந்த இருவரையும் நோக்கி நீட்டியபடியே நிற்கிறாள். அவளை மறுபடி சேர்க்க வேண்டுமென்றால் யாரையும் விசாரிக்க வேண்டாம். அவள் கைகளே இடத்தைச் சொல்லும். கணினியில் விலக்க இரண்டு கட்டளை, சேர்க்க இரண்டு கட்டளை. பலகையின் பழைய நிலையை எங்கும் நகலெடுத்து வைக்க வேண்டியதில்லை.

இந்த வழியில் சுடோகுவை ஓர் அட்டவணையாக மாற்றுகிறார்கள். 81 கட்டம், 9 எண்: ஆக 729 தேர்வுகள். நிறைவேற வேண்டிய விதிகள் 324: ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஓர் எண், ஒவ்வொரு கிடைவரிசையிலும் ஒவ்வோர் எண், நெடுவரிசையிலும் அப்படியே, சதுரத்திலும் அப்படியே, ஒவ்வொன்றுக்கும் 81. ஒவ்வொரு தேர்வும் நான்கு விதிகளை நிறைவேற்றும். 324 விதிகளும் ஒவ்வொன்றும் சரியாக ஒரே முறை நிறைவேறுமாறு 81 தேர்வுகளைப் பொறுக்கினால் புதிர் முடிந்தது. இந்த வடிவத்தில் எண்கள் என்ற பேச்சே இல்லை. சுடோகு கணக்குப் புதிர் அல்ல. ஒன்பது எண்களுக்குப் பதில் ஒன்பது பழங்களைப் போட்டாலும் அதே புதிர்தான்.

கணினியை வைத்துச் சுடோகு போடுவது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. இப்போதைய வடிவில் இந்தப் புதிர் 1979-இல் அமெரிக்காவின் டெல் இதழ் ஒன்றில் வந்தது. வகுத்தவர் இண்டியானாபொலிஸைச் சேர்ந்த ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் என்று கருதப்படுகிறது. 1984-இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் எடுத்துக்கொண்டது. நிகோலிக்காரர்கள் கையால் புதிர் அமைப்பதில் பிடிவாதமானவர்கள். கொடுக்கும் எண்கள் 32-க்கு மேல் போகக் கூடாது, பலகையைத் தலைகீழாகத் திருப்பினாலும் அவை அதே கட்டங்களில் அமைய வேண்டும் என்று விதியும் வைத்தார்கள். உலகம் முழுக்கப் பரப்பியது அவர்கள் அல்ல. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற நியூசிலாந்துக்காரர் வேய்ன் கூல்ட், 1997-இல் டோக்கியோவில் ஒரு புத்தகக் கடையில் இதைப் பார்த்து, ஆறு ஆண்டுகள் செலவழித்து, புதிரைத் தயாரிக்கும் நிரல் ஒன்றை எழுதினார். 2004 நவம்பர் 12 அன்று லண்டன் டைம்ஸில் முதல் புதிர் வெளியானது. நாள்தோறும், நாளிதழ்தோறும் புதிய புதிர் என்பது கையால் நடக்கிற காரியமே இல்லை. நாம் பேனாவோடு உட்காரும் புதிர்களில் பெரும்பாலானவை எந்திரம் பெற்றவை.

தயாரிக்கும் நிரலுக்குள்ளும் தீர்க்கும் நிரல்தான் இருக்கிறது. நிரம்பிய பலகை ஒன்றை எடுத்து, ஓர் எண்ணை நீக்கி, இப்போதும் ஒரே விடைதானா என்று தீர்த்துப் பார்க்கும். இரண்டாவது விடை தட்டுப்பட்டால் நீக்கிய எண் திரும்பவும் உள்ளே போகும். நிரம்பிய பலகைகளுக்குப் பஞ்சமே இல்லை: 2005-இல் பெல்கென்ஹவர், ஜார்விஸ் இருவரும் கணக்கிட்டபடி அவை 22 இலக்கங்கள் உள்ள ஓர் எண்ணிக்கை. திருப்புவது, புரட்டுவது, எண்களை மாற்றுவது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டால் 547 கோடியே சொச்சம். குறைந்தது எத்தனை எண் கொடுத்தால் ஒரே விடை கிடைக்கும்? 17 எண்களுடன் ஏறத்தாழ 49,000 புதிர்கள் சேகரிக்கப்பட்டிருந்தன. 16-இல் ஒன்றுகூட இல்லை. 16 முடியவே முடியாது என்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மக்வயர் குழு 2012 ஜனவரியில் அறிவித்தது. ஒரே ஒரு கணினிக் கரு (core) உட்கார்ந்து செய்திருந்தால் எண்ணூறு ஆண்டுகள் ஆகியிருக்கும் வேலை.

இனி உதவி. 'உதவி' என்று ஒரே பெயரில் செயலிகள் மூன்று வெவ்வேறு காரியங்கள் செய்கின்றன. அவற்றின் தன்மை ஒன்றல்ல. கட்டங்களின் மூலையில் சாத்திய எண்களைப் பொடியாக எழுதிக் கொடுப்பது ஒன்று. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இருபது அண்டைவீட்டாரிடம் ஓர் எண்ணை அடிப்பது குமாஸ்தா வேலை; அதில் சிந்தனை இல்லை, பிழைக்குத்தான் இடம். அடுத்தது, 'இந்த வரிசையில் 4, 7 ஜோடியைக் கவனி' என்று காரணத்தோடு குறிப்புத் தருவது. அதற்கு நிரல் ஊகத்தைக் கைவிட்டு, மனிதன் யோசிக்கும் உத்திகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக முயன்று பார்க்க வேண்டும். எந்த உத்தி வரை தேவைப்பட்டது என்பதை வைத்துத்தான் நாளிதழ்ப் புதிர்களுக்கு எளிது, கடினம் என்று முத்திரை குத்துகிறார்கள். கொடுத்த எண்கள் எத்தனை என்பதற்கும் கடினத்துக்கும் அவ்வளவு தொடர்பில்லை. ஊகித்துப் பின்வாங்கும் நிரலுக்கு எல்லாப் புதிரும் ஏறத்தாழ ஒன்றுதான்; ஃபின்லாந்தின் ஆர்டோ இன்கலா 'உலகிலேயே கடினமானது' என்று அமைத்த புதிரும் அதற்குக் கண் சிமிட்டல்தான்.

மூன்றாவது, தவறான எண்ணைப் போட்டவுடன் சிவப்பாகக் காட்டுவது. வெகுபேர் பயன்படுத்துவது இதைத்தான், கெடுப்பதும் இதுதான். வரிசையில் ஏற்கெனவே 6 இருக்க இன்னொரு 6 போட்டால் சிவப்பாக்குவதில் தவறில்லை. பல செயலிகள் அப்படிச் செய்வதில்லை; கையில் வைத்திருக்கும் விடையோடு ஒப்பிட்டுச் சிவப்பாக்குகின்றன. அப்படியானால் எந்த விதியையும் மீறாத எண்கூட உடனே காட்டிக்கொடுக்கப்படும். இரண்டு வாய்ப்புள்ள கட்டத்தில் ஒன்றைப் போட்டு நிறத்தைப் பார்த்தால் போதும். ஊகத்தின் விலை பூஜ்யமாகிவிட்ட பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

கேமராவைப் பேப்பர்மேல் காட்டினாலே தீர்த்துக் கொடுக்கும் வசதி 2011 ஜனவரியிலேயே கூகுள் காகிள்ஸில் வந்துவிட்டது. சாய்ந்து தெரியும் பலகையின் நான்கு மூலைகளைக் கண்டுபிடித்து, நேர்ச் சதுரமாக இழுத்து, 81 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்த எண் என்று படிக்கிறது. தீர்ப்பதைவிடப் படிப்பதுதான் எந்திரத்துக்குப் பெரிய வேலை. 1-ஐ 7 என்றோ, 6-ஐ 8 என்றோ படித்துவிட்டால், பெரும்பாலும் தீர்வே கிடைக்காமல் போகும், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வு கிடைக்கும். எப்படியும் பிழை வெளியே வந்துவிடும். ஒரே விடை என்ற வாக்குறுதியே வாசிப்பைச் சரிபார்க்கும் சாதனமாகிறது.

கன்டெய்னர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. நவீன முனையங்களின் நுழைவாயில்களில் கேமராக்கள்தான் பெட்டி எண்ணைப் படிக்கின்றன; துருவும் சேறும் அதன்மேல் இருக்கும். அந்த எண் நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் தனியாக ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கத்துக்குச் சொந்தமாகப் பொருள் எதுவும் இல்லை. முந்தைய பத்துக்கும் அது காவல். எழுத்துகளுக்கு 10 முதல் எண்மதிப்பு கொடுத்து (11-இன் மடங்குகளைத் தாண்டிவிட்டு), முதல் இடத்தை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், பிறகு 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. பாடப் புத்தகங்களில் வரும் 'சி எஸ் க்யூ யூ 305438' என்ற பெட்டிக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. கேமரா ஓர் இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் இந்த 3 பொருந்தாது.

துறைமுகத்துக்குள் வந்துவிட்டோம். சென்னைத் துறைமுகத்துக்குத் தனிக் கன்டெய்னர் முனையம் 1983-இல் வந்தது. எண்ணூரில் 2001-இல், முதலில் அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரியை நம்பித் தொடங்கிய காமராஜர் துறைமுகத்திலும் பின்னர் கன்டெய்னர்கள் வந்தன. பக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகம் வேறு. கப்பலில் பெட்டிகளை அடுக்குவதும் சுடோகுவும் கணித நோக்கில் ஒரே குடும்பம் என்பது அலங்காரப் பேச்சு அல்ல. சுடோகு, 81 புள்ளிகளும் 810 இணைப்புகளும் உள்ள வலையில், இணைந்த புள்ளிகளுக்கு ஒரே நிறம் வராமல் ஒன்பது வண்ணம் பூசும் கணக்கு. பலகையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அது எவ்வளவு கடினமான வகையைச் சேர்ந்தது என்று 2003-இல் டோக்கியோவில் யாதோ, சேதா இருவரும் நிறுவினார்கள். கப்பலில் பெட்டிகளை மாற்றியடுக்கும் வேலையைக் குறைக்கும் கணக்கும் வண்ணம் பூசும் கணக்கோடு தொடர்புடையது, அதே கடின வகையில் வருவது என்று 2000-இல் அவ்ரியேல், பென், ஷ்பைரர் மூவரும் காட்டினார்கள்.

விதிகளைப் பாருங்கள். கனமான பெட்டி கீழே, லேசானது மேலே. இல்லாவிட்டால் கப்பல் நிலைகொள்ளாது. இறால் ஏற்றிய குளிர்பதனப் பெட்டிக்கு மின்சார பிளக் உள்ள இடம் வேண்டும். கப்பல் முதலில் போர்ட் கிளாங்குக்கும் பிறகு சிங்கப்பூருக்கும் போகிறது என்றால், கிளாங்கில் இறங்க வேண்டிய பெட்டிமேல் சிங்கப்பூர்ப் பெட்டி உட்காரக் கூடாது. இவற்றோடு ஆபத்தான சரக்குகள். தற்செயலாக இங்கேயும் ஒன்பதுதான்: வெடிபொருள், வாயு, தீப்பற்றும் திரவம், தீப்பற்றும் திடப்பொருள், ஆக்சிஜன் தந்து எரியூட்டுபவை, நஞ்சு, கதிரியக்கம், அரிப்பவை, இதர என்று சர்வதேசக் கடல்சார் விதிகள் ஒன்பது வகுப்பாகப் பிரிக்கின்றன. எந்த வகுப்புக்கும் எந்த வகுப்புக்கும் இடையே எவ்வளவு விலகல் என்று ஓர் அட்டவணை; அதில் 1 முதல் 4 வரை நான்கு படிகள். முதல் படி என்றால் கொஞ்சம் தள்ளி இருந்தால் போதும். இரண்டாம் படி என்றால் மூடிய பெட்டிகளாக இருந்தாலும் இடையில் ஒரு தளம் இல்லாமல் ஒரே செங்குத்து அடுக்கில் வைக்க முடியாது. நான்காம் படிக்கு முழு அறை ஒன்று நடுவில் வேண்டும்.

இந்த அட்டவணை வெறும் காகிதம் அல்ல என்பதை வடசென்னை 2020-இல் உணர்ந்தது. ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. உலகமெங்கும் துறைமுகங்கள் தங்கள் கிடங்குகளைத் திரும்பிப் பார்த்தன. மணலியில் ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தில், 2015-இல் சுங்கத் துறை கைப்பற்றிய அதே பொருள் 697 டன், 37 பெட்டிகளில் ஐந்தாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. அதே மாதத்தில் ஏலம் எடுத்தவர்கள் மூலம் ஹைதராபாத்துக்கு லாரிகளில் அனுப்பினார்கள். எந்தப் பெட்டி எதன் பக்கத்தில் என்பதை நிரல் சரிபார்க்கும். ஒரு பெட்டி எத்தனை ஆண்டு அங்கேயே நிற்கும் என்பது வழக்குகளையும் கோப்புகளையும் பொறுத்தது. அதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது.

இனி முக்கியமான வேறுபாடு. சுடோகு நிரல் ஆயிரம் முறை பின்வாங்கினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கப்பல் இன்னும் திட்டமாகத் திரையில் இருக்கும் வரை துறைமுக நிரலுக்கும் அப்படித்தான். பெட்டியை ஒரு முறை கிரேன் தூக்கி வைத்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. முனையத்தின் யார்டில் ஐந்து உயரத்துக்கு அடுக்கிய இடத்தில் அடிப்பெட்டி வேண்டுமென்றால் மேலே உள்ள நான்கையும் எடுத்து வேறெங்காவது வைக்க வேண்டும். அந்த நான்கு அசைவுக்கும் யாரும் பணம் தரமாட்டார்கள். கப்பலில் நடந்தால் அந்த நேரம் கப்பல் துறையில் கட்டிக் கிடக்கும் நேரத்தோடு சேரும்.

சுடோகுவில் கொடுக்கும் எண்கள் அத்தனையும் முதலிலேயே அச்சாகி வருகின்றன. ஜீரோ கேட்டில் அப்படி இல்லை. எண்ணூர் விரைவுச் சாலை நெரிசலில் எந்த லாரி முன்னால் வரும், எது மூன்று மணி நேரம் கழித்து வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பெட்டியை உடனே யார்டில் எங்காவது வைத்தாக வேண்டும். அதன்மேல் வரப்போகும் பெட்டி இன்னும் திருவொற்றியூரில் நிற்கிறது. ஏற்றும் வரிசையில் முதலில் போக வேண்டியது முன்பே வந்துவிட்டால் அடியில் மாட்டிக்கொள்ளும். கணிதத்தில் இப்படித் துப்பு ஒவ்வொன்றாக வரும், முடிவை அப்போதே எடுக்க வேண்டிய கணக்குகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. முழு விவரமும் தெரிந்தவன் எடுத்திருக்கக்கூடிய முடிவைவிட எவ்வளவு மோசம் என்பதே அங்கே அளவுகோல். சாலையில் நெரிசல் கூடினால் யார்டில் வீண் அசைவு கூடும்.

இன்னொன்று, அந்த வாக்குறுதி. சுடோகுவுக்கு ஒரே விடை என்பதைச் சிலர் உத்தியாகவே பயன்படுத்துகிறார்கள்: இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை, இரண்டு சதுரங்களுக்குள் நான்கு மூலைகளிலும் 2, 9 மட்டுமே மிஞ்சினால், இரண்டையும் இடம் மாற்றி இன்னொரு விடை வந்துவிடும், புதிர் அமைத்தவர் அப்படி விட்டிருக்க மாட்டார், ஆகவே நான்கில் ஒன்று வேறு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். அமைத்தவரின் யோக்கியதையை நம்பிச் செய்யும் தர்க்கம் இது. கப்பலை யாரும் விடை வைத்து அமைப்பதில்லை. ஒரே கப்பலுக்கு எண்ணற்ற அடுக்குகள் பொருந்தலாம். ஒன்றுகூடப் பொருந்தாமலும் போகலாம்.

ஒன்றுகூடப் பொருந்தாது என்பதை நிரூபிப்பதுதான் பின்வாங்கும் நிரலுக்கு மிகக் கடினம். விடை இருக்கும் புதிரில் சரியான கிளை தட்டுப்பட்டவுடன் நிறுத்திவிடலாம். விடையற்ற புதிரில் ஒவ்வொரு கிளையையும் கடைசிவரை நடந்து மூடிவிட்டு வர வேண்டும். கப்பலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆகவே அடுக்குத் திட்ட நிரல்களுக்கு நேர வரம்பு கொடுக்கிறார்கள். அதற்குள் கிடைத்தவற்றில் சிறந்ததை அது தந்துவிட வேண்டும். விதிகளையும் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஆபத்துச் சரக்கின் விலகல், கப்பலின் நிலைப்பு ஆகியவை மீற முடியாதவை. கிளாங்குப் பெட்டிமேல் சிங்கப்பூர்ப் பெட்டி வைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அபராதம் போட்டுக் கூட்டு என்று நிரலுக்குச் சொல்லப்படுகிறது. அபராதம் எவ்வளவு என்பதை நிரல் தீர்மானிப்பதில்லை. அந்த எண்ணை வைப்பவர் திட்ட அலுவலகத்தில் இருக்கும் ஓர் ஆள். திட்டத்தின் கடைசியில் இடம் கிடைக்காத பெட்டிகளின் எண்கள் தனியாக வரும். ஷட் அவுட் என்பார்கள். ஏற்றுமதியாளருக்குப் போன் போட்டு, அவற்றை அடுத்த எந்தக் கப்பலுக்கு மாற்றுவது என்று பேசி முடிப்பது இன்னும் ஆட்கள் கையில்தான் இருக்கிறது.